மீதி ஐம்பத்தேழு நாள்

பண்பொழிக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் வடிவம்மையின் குடில் இருந்தது. அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அதை அங்கே யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

ஆடிச் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் கோமதிநாயகம் அங்கே வந்தார். செங்கோட்டையில் மர அறுவை மில்லில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவர். நாற்பத்து நான்கு வயது. கையில் ஒரு துணிப்பை. தலை நனைந்திருந்தது.

"இங்க இருக்கணும்மா," என்றார்.

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே இங்கதான்."

"வீட்ல யார் இருக்காங்க?"

"வீட்டுக்காரி."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"வந்தது தெரியும். திரும்பிப் போக மாட்டேங்கிறது தெரியாது."

வடிவம்மை அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "முதல்ல தலையைத் துவட்டுங்க," என்றார்.

கோமதிநாயகம் தங்கினார். விறகு பிளந்தார். மழையில் உப்பிப்போய் மூட வராமல் இருந்த அடுக்களைக் கதவை இழைத்துச் சரிசெய்தார். யாரோடும் அதிகம் பேசவில்லை. தியானத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது கடைசி வரிசையில் அவர் மட்டும் திறந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பார்.

காலையில் பாடம் முடிந்ததும் சீடர்கள் கேள்வி கேட்பது அங்கே வழக்கம். மூன்று வாரம் கழித்து ஒருநாள் கோமதிநாயகம் கேட்டார்.

"பல் முளைக்காத பிள்ளை செத்துப்போனா அதுக்குத் திதி கிடையாதாமே. அது ஏன்?"

வடிவம்மை பேசுவதற்குள் மூத்த சீடர் சிவசைலம் பதில் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். சாத்திரங்கள் அறிந்தவர்.

"கிடையாதுதான். எரிக்கிறதும் இல்ல, புதைக்கிறதுதான். எள்ளும் தண்ணியும் வேண்டாம். வினை ஒட்டாத உயிர் அது. வந்த சுவடு தெரியாமப் போயிடும்."

ஆறுதலாகத்தான் அவர் சொன்னார்.

கோமதிநாயகம் தலையாட்டினார். பிறகு மெல்ல, "வந்த சுவடே தெரியாதா," என்றார்.

"யார் பிள்ளை?" என்று கேட்டார் வடிவம்மை.

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார்.

"என் பிள்ளை."

சிவசைலம் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"சொல்லுங்க," என்றார் வடிவம்மை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பையன். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு ஒன்றுதான் இருந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் நடந்தது. டாக்டர்கள் மூன்று நாள் போராடினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் வெளியே வந்து சொன்னார்கள்.

"மதுரையில இருந்து கார்ல வந்தோம்மா. வழி முழுக்க அவ மடியிலதான் வச்சிருந்தா. சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க வரக்கூடாதுல்லா. வாசல்ல வச்சு நான்தான் வாங்கினேன். அவ விடல. அவ விரலை ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்சேன்."

கோமதிநாயகம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"அவ்வளவுதாம்மா. புதைச்சிட்டு வந்தோம்."

கூரையிலிருந்து மழைத் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது ஒரு நாள்," என்றார் வடிவம்மை. "மொத்தம் எத்தனை நாள் இருந்தான்?"

"அம்பத்தெட்டு நாள்."

"அப்ப மீதி அம்பத்தேழு நாளையும் சொல்லுங்க."

கோமதிநாயகம் புரியாமல் நிமிர்ந்தார்.

"கைப்பிள்ளைம்மா. பால் குடிச்சான், தூங்கினான். சொல்ல என்ன இருக்கு?"

"இருக்கிறதைச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். பிறந்த அன்று நர்ஸ் கொண்டுவந்து காட்டியதைச் சொன்னார். கார்த்திகைக் கடைசி, நல்ல மழை. ரெண்டே முக்கால் கிலோ. பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டுத் திருமலைக்குமரன் என்று பேர் வைத்ததைச் சொன்னார். மில் லீவான ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நெஞ்சின் மேலேயே தூங்கிவிட்டானாம். மூச்சு மட்டும் கொஞ்சம் வேகமாக இருந்ததாம். சொல்லச் சொல்ல விரல்விட்டு எண்ணினார். பதினோரு நாள் தேறியது.

"மத்த நாள்?"

"நான் காலையில ஏழு மணிக்கு மில்லுக்குப் போனா இருட்டினப்புறம்தான் வருவேன். ஆஸ்பத்திரியிலயும் தாயை மட்டும்தான் உள்ள விட்டாங்க. நான் மருந்துச் சீட்டைத் தூக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடிட்டிருந்தேன். அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்."

"அப்ப அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க."

கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை.

"நாங்க பேசிக்கிறது இல்லம்மா."

"எப்போ இருந்து?"

"சுடுகாட்டுல இருந்து திரும்பி வந்ததுல இருந்து. ஆறு மாசம் ஆச்சு. சாப்பாடு வைப்பா, சாப்பிடுவேன். அவ்வளவுதான்."

"கோவமா?"

"கோவம் இல்ல. அவ முகத்தைப் பாத்தா அவன் முகம் வருது."

"கேட்டுட்டு வாங்க," என்றார் வடிவம்மை மறுபடியும்.

*

உலகம்மாள் வாசலுக்கு நேரே உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம். அதில் வெட்டிய இலையும் தூளும். புருஷன் உள்ளே வருவதைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

கோமதிநாயகம் பையை மூலையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"அவன் மூணாம் நாள் என்ன செஞ்சான்?" என்று கேட்டார்.

உலகம்மாளின் கை நின்றது.

"யாரு?"

"திருமலை."

ஆறு மாதத்தில் அந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லியிருக்கவில்லை. உலகம்மாள் முறத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

"என்னை விசாரிக்கவா வந்திருக்கீங்க?"

"விசாரிக்க இல்ல."

"பின்ன எதுக்கு?"

"எனக்குப் பதினோரு நாள்தான் தெரியுது. மீதி உனக்குத்தான் தெரியும்."

அவள் திரும்ப முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு இலையைச் சுருட்டி நூலைக் கட்டினாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்.

"மூணாம் நாள் தும்மினான். தொடர்ந்து மூணு தும்மல். தன் தும்மலுக்குத் தானே பயந்து கையை விரிச்சான். பக்கத்துக் கட்டில்காரி சிரிச்சா."

"பொறவு?"

"பொறவு என்ன, தூங்கிட்டான்."

அன்று நான்கு நாளைச் சொன்னாள். மறுநாள் கோமதிநாயகம் கேட்கவில்லை. அவளே தொடங்கினாள்.

பதினோராம் நாள் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அவள் அப்படியே குனிந்தபடி அரைமணி நேரம் இருந்தாள். ஒருநாள் வாசலில் சைக்கிளில் போன மீன்காரரின் ஹாரன் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினான். அதிலிருந்து தினமும் மீன்காரர் வருகிற நேரத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். மீன் வாங்கியது இல்லை. கடைசியில் மீன்காரரே, "இந்தாங்க, துரைக்கு ஒரு தடவை," என்று சும்மா நின்று அடித்துவிட்டுப் போவாராம்.

கோமதிநாயகத்துக்கு இது எதுவும் தெரியாது. "நிசமாவா?" என்று கேட்டார்.

"நாளைக்கு அவர் வருவாரு, கேட்டுப்பாருங்க."

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவனைக் கலெக்டர் என்றுதான் கூப்பிடுவாளாம். ஊசி போட வந்தால் புருவத்தைச் சுருக்கிப் பார்ப்பானாம். "கலெக்டர் சாருக்கு நம்ம வேலையில திருப்தி இல்ல," என்பாளாம். இதைச் சொல்லும்போது உலகம்மாள் சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டாள்.

நாட்கள் வரிசையாக வரவில்லை. முன்னும் பின்னுமாக வந்தன.

அவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம், சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மார்கழிக் குளிர்ல அவனுக்குப் பால் குடிக்கும்போது நெத்தி வேர்க்கும். நாலு இழுப்பு இழுப்பான், இளைப்பாறுவான். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

"எனக்கும்தான் உறைக்கல."

"உங்களுக்கு ஏன் உறைக்கணும்? செஞ்சது நான்தான்."

"நீ என்ன செஞ்ச?"

உலகம்மாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தேன். ஆறாம் மாசம். வெயில் மங்கிக் காத்து அடிச்சுது. கொடியில துணி கிடந்துது, பறந்துடுமேன்னு எடுக்க வந்தேன். ரெண்டு நிமிசம். மதினி பாத்துட்டாங்க. பிள்ளைக்கு ஏதாவது குறை வந்தா நீதான் பொறுப்புன்னாங்க. பொறவு அப்படியே ஆயிடுச்சு. அவனைப் புதைச்ச அன்னைக்கும் அவங்க அதைத்தான் சொன்னாங்க. நீங்களும் கூடத்தான் நின்னீங்க. ஒரு வார்த்தை பேசல. அப்ப உங்களுக்கும் அதுதான் நெனைப்புன்னு வச்சுக்கிட்டேன்."

மதினி என்று அவள் சொன்னது கோமதிநாயகத்தின் அக்கா சுப்புத்தாயை. அக்கா அன்று சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. ஏதோ தூரத்தில் யாரோ பேசுவதுபோல.

"டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரு," என்றார். "ஆபரேஷனுக்கு முந்தின நாள். நீ பிள்ளைகிட்ட இருந்த."

"என்ன சொன்னாரு?"

"கரு தரிச்சு ரெண்டு மாசத்துக்குள்ள இதயம் உருவாகி முடிஞ்சிடுமாம். பிள்ளை உண்டாகியிருக்குன்னு பல பேருக்கு அப்பத்தான் தெரியவே செய்யும். அப்பவே அது அப்படித்தான் இருந்திருக்கு. தாய் செஞ்சதும் இல்ல, தகப்பன் செஞ்சதும் இல்ல, யாரும் எதையும் செஞ்சு இது வரல. உங்க சம்சாரத்துகிட்டயும் சொல்லுங்கன்னாரு."

உலகம்மாள் அவரையே பார்த்தாள்.

"ரெண்டு மாசத்துக்குள்ளயா?"

"ஆமா."

"கிரகணம் ஆறாம் மாசம்."

"ஆமா."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

மறந்துவிட்டேன் என்று கோமதிநாயகம் சொல்லலாம். மறக்கவில்லை. அவன் செத்த பிறகு இனி அதையெல்லாம் பேசி என்ன என்று இருந்துவிட்டார். அவள் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு இத்தனை நாள் எதிரே உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"சொல்லியிருக்கணும்," என்றார். "தப்பு என்னுதுதான்."

உலகம்மாள் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கோமதிநாயகம் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் அழுதார். அவள் முகத்தைப் பார்த்தார். அவன் முகம் வரத்தான் செய்தது. அவர் பார்வையைத் திருப்பவில்லை.

சாயங்காலம் அவள் எழுந்து முகம் கழுவிச் சோறு வடித்தாள். இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

"இதை மதினிகிட்டயும் சொல்லணும்," என்றாள். "நான் சொன்னா எடுபடாது."

மறுநாள் விடிந்ததும் கோமதிநாயகம் அக்கா வீட்டுக்குப் போனார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். பிறகு, "நீ சொன்னப்ப நான் வாயை மூடிட்டு நின்னேன். அது உன் தப்பைவிடப் பெரிய தப்பு," என்றார்.

சுப்புத்தாய் மாவரைத்த கையோடு நின்றாள். "எனக்கென்னடா தெரியும். எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன்," என்றாள். அவ்வளவுதான். கோமதிநாயகம் திரும்பி வந்துவிட்டார்.

ஆனால் மத்தியானம் அவள் ஒரு தூக்குச்சட்டியில் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். உலகம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"அவன் காது அப்படியே எங்க அப்பா காது," என்றாள். "தொட்டில்ல போட்ட அன்னைக்கே பாத்தேன். நுனி கொஞ்சம் மடிஞ்சிருக்கும்."

"ஆமா மதினி," என்றாள் உலகம்மாள். "இடது காது."

*

ஆவணி பிறந்து நான்காம் நாள் இருவரும் குடிலுக்கு வந்தார்கள். சாரல் விட்டு நல்ல வெயில். காலைப் பாடம் அன்று நடக்கவில்லை. எல்லாரும் பலா மரத்தடியில் உட்கார்ந்தார்கள். "முதல் நாள்ல இருந்து சொல்லுங்க," என்றார் வடிவம்மை.

இருவரும் சொன்னார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடித்துக்கொண்டார். கலெக்டர் கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். மீன்காரர் ஹாரன் அடித்ததைச் சொன்னபோது சிவசைலம், "அந்த ஆளை நான் பாக்கணும்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறுகிறவரை சொன்னார்கள்.

கடைசி நாளையும் சொன்னார்கள். அதை உலகம்மாள் சொன்னாள். கோமதிநாயகம் குறுக்கிடவில்லை.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஏழு நாள் ஞாபகத்துக்கு வரல அம்மா," என்றார் கோமதிநாயகம். "எவ்வளவோ யோசிச்சுப் பாத்தாச்சு. அன்னைக்கெல்லாம் ஒண்ணும் நடக்கல போல."

"அழலையா?"

"ஞாபகம் இல்ல."

"மூச்சு வாங்கலையா?"

"வாங்கியிருந்தா இவளுக்கு ஞாபகம் இருக்கும்."

"அப்ப அந்த ஏழு நாளும் அவன் நல்லா இருந்திருக்கான்," என்றார் வடிவம்மை.

உலகம்மாள் மெல்லத் தலையாட்டினாள்.

சிவசைலம் எழுந்து கோமதிநாயகத்தின் அருகில் வந்தார். "அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன், சுவடு தெரியாமப் போயிடும்னு," என்றார். "புத்தகத்துல இருந்ததைச் சொன்னேன். மன்னிக்கணும்."

"நீங்க சொன்னதாலதான் சுவடே தெரியாதான்னு எனக்குக் கேள்வி வந்துது," என்றார் கோமதிநாயகம்.

பிறகு அவர் வடிவம்மையிடம் திரும்பினார்.

"இருந்தாலும் அவனுக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கும்மா. என்ன செய்ய?"

"காலையில இருந்து என்ன செஞ்சிட்டிருந்தோம்?" என்று கேட்டார் வடிவம்மை.

எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் கோமதிநாயகம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "இவகூட வீட்டுக்குப் போறேம்மா," என்றார். வடிவம்மை சிரித்தார்.

வாசல்வரை வந்த உலகம்மாள் தயங்கி நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"பஸ்ல, கடையில, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் கேக்காங்க. பிள்ளைங்க எத்தனைன்னு. இருக்குன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி இருக்கு. இல்லன்னு சொன்னா அவனை நானே இன்னொரு தடவை மண்ணுல வைக்கிற மாதிரி இருக்கு. அதுக்குப் பயந்தே எங்கயும் போறது இல்ல. என்ன சொல்லட்டும்?"

வடிவம்மை யோசித்தார்.

"ஒரு பையன்னு சொல்லுங்க," என்றார். "அவசரமாப் போறவங்க அதோட போயிடுவாங்க. உக்காந்து கேக்குறவங்களுக்கு முதல் நாள்ல இருந்து சொல்லுங்க."